‘கொழுந்து பறிக்கத்தான் லாயக்கு’ என்ற சொல்லை வகுப்பறையிலிருந்து எடுப்போம்



வருடத் தொடக்கத்தில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பாடசாலைக்கு வரும் பெற்றோர் பலர் எங்களிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். “டீச்சர், கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க. எப்படியாச்சும் இவன் படிச்சிறணும்.” சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும். எங்கள்மேல் வைத்த நம்பிக்கை அதில் இருக்கிறது. தாங்கள் மலையில் படும் பாடு பிள்ளைக்கு வரக்கூடாது என்ற ஏக்கம் இருக்கிறது. அடிபட்டால்தான் படிப்பு ஏறும் என்று அவர்களுக்கு யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்த பாடமும் இருக்கிறது.

இந்த இதழில் நாங்கள் பெரும்பாலும் சம்பளம், நிறுவை, காணி, வீடு பற்றித்தான் எழுதுவோம். இம்முறை வகுப்பறையைப் பற்றி எழுதுகிறோம். பிள்ளை பிழை விடும்போது ஆசிரியர் என்ன சொல்கிறார், எப்படித் திருத்துகிறார், எதைப் பாராட்டுகிறார் என்பதெல்லாம் பாடசாலைக்குள் முடிகிற விடயம், சங்கத்துக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சங்கத்துக்கு அதில் நிறைய வேலை இருக்கிறது என்பதே எங்கள் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு, முதலில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் சொன்ன ஒரு வார்த்தை

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள். ஐந்தாம் வகுப்பு, கணிதப் பாடம். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு பையன் மூன்றாவது நாளாக வீட்டில் செய்யக் கொடுத்த கணக்கைச் செய்யாமல் வந்திருந்தான். அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டோம். 52இல் 27 போனால் எவ்வளவு? 35 என்று எழுதினான். அழித்துவிட்டு மறுபடி செய் என்றோம். மறுபடியும் 35. மூன்றாம் தரமும் 35. அன்று எங்களுக்கு இருந்த எரிச்சலில் முழு வகுப்பும் கேட்கும்படி சொல்லிவிட்டோம்: “நீயெல்லாம் கொழுந்து பறிக்கத்தான் லாயக்கு.”

வகுப்பே சிரித்தது. ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்காக அவனுடைய அம்மா அந்த நேரம் வராந்தாவில் நின்றிருந்தார். மலையிலிருந்து நேராக வந்தவர், இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. அவரும் சிரித்தார். “நல்லா சொல்லுங்க டீச்சர், அப்பயாவது புத்தி வரட்டும்” என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பையன் கை உயர்த்தி நாங்கள் பார்த்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், தரையைப் பார்ப்பான், நாங்கள் அலுத்துப்போய் “சரி, உட்கார்” என்று சொல்லும்வரை நிற்பான். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். எங்கள் ஒரு வார்த்தையால்தான் அவன் படிப்பு நின்றது என்று சொல்ல மாட்டோம். வீட்டில் கடன் இருந்தது, அப்பாவுக்குச் சுகமில்லை. ஆனால் அந்த வார்த்தைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை.

இது இத்தோடு முடியவில்லை. பிறகொரு நாள் தோட்டத்தில் மாதர் சங்கக் கூட்டம். கொழுந்து மடுவத்தில் சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கிலோக்கணக்கில் வெட்டுகிறார்கள் என்பதுதான் பேச்சு. நாளைக்கு மடுவத்தில் வைத்தே கணக்கப்பிள்ளையிடம் யார் கேட்பது என்று நாங்கள் கேட்டோம். யாரும் பேசவில்லை. எல்லோருடைய பார்வையும் அந்த அம்மாவின் பக்கம் போனது. அந்த மலையில் அவர்தான் கூடக் கொழுந்து எடுப்பவர், வெட்டினால் கூட நட்டப்படுபவரும் அவர்தான். அவர் சொன்னார்: “நமக்கு என்னா டீச்சர் தெரியும். நாமெல்லாம் கொழுந்து பறிக்கத்தானே லாயக்கு.”

எங்களைக் குத்திக்காட்ட அவர் அப்படிச் சொல்லவில்லை. அப்படித்தான் என்று நம்பிச் சொன்னார். நாங்கள் வகுப்பறையில் விதைத்தது கூட்டத்தில் முளைத்து நின்றது. அன்று அந்தக் கூட்டத்தில் எங்களால் மேற்கொண்டு ஒன்றும் பேச முடியவில்லை.

அந்தச் சொல்லுக்குள் இருப்பது

அந்த ஒரு வரி இரண்டு பேரை அவமதிக்கிறது. பிள்ளையைப் பார்த்து, நீ எதற்கும் உதவாதவன் என்கிறது. பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, நீ செய்வது எதற்கும் உதவாதவர்கள் செய்யும் வேலை என்கிறது.

சரிவில் கால் ஊன்றி, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று, இரண்டு கையாலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுப்பது சாதாரண வேலை இல்லை. புதிதாக மலைக்கு வந்த ஒருவர் பழகியவரின் கைவேகத்துக்கு வர எத்தனை மாதம் போகும் என்று உங்களுக்கே தெரியும். இந்த நாட்டின் பெயரைச் சொல்லி உலகம் குடிக்கும் தேநீர் அந்தக் கையிலிருந்துதான் தொடங்குகிறது. மே தினத்தில் மேடை போட்டு உழைப்புக்கு மரியாதை கேட்கிறோம். அதே உழைப்பைப் பிள்ளைகளுக்குத் தண்டனையாகக் காட்டிப் பயமுறுத்துகிறோம். மே தினம் வருடத்தில் ஒரு நாள். பாடசாலை கிழமையில் ஐந்து நாள். பிள்ளை எதை நம்பும்?

நம் பிள்ளைகள் எல்லோரும் மலைக்கே போகட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. விரும்பிய வேலைக்கு அவர்கள் போக வேண்டும். அதற்காகத்தான் பாடசாலை. ஆனால் அம்மாவைப் பார்த்து வெட்கப்படக் கற்றுக்கொண்டு மேலே போகும் பிள்ளை, மேலே போனபிறகும் தன் ஊரைச் சொல்லக் கூசும். போக முடியாமல் தோட்டத்திலேயே நிற்கும் பிள்ளை, தான் தோற்றதால்தான் இங்கே நிற்கிறேன் என்று நினைக்கும். தோற்றவன் என்று தன்னை நினைக்கிறவன் உரிமை கேட்க மாட்டான். கிடைத்ததை வாங்கிக்கொள்வான்.

இந்தக் குரல் எங்களுக்கு எங்கிருந்து வந்தது? ஆசிரியர் பலரும் இதே லயன்களில் பிறந்தவர்கள்தான். பிரட்டுக்களத்தில் கேட்ட குரல் அது. பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் அதட்டுவது, எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டுவது, காரணம் கேட்காமல் அரைப்பேர் போடுவது. தோட்டப் பாடசாலையும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தது. தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்க வழி செய்ய வேண்டும் என்று 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் நிர்வாகங்களுக்குச் சொன்னது. பிள்ளை கையெழுத்துப் போடவும் கொஞ்சம் கணக்குப் பார்க்கவும் பழகினால் போதும், அதற்குமேல் படித்தால் மலைக்கு யார் போவது என்பதே பல இடங்களில் நினைப்பாக இருந்தது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பலன் நம் லயன்களுக்கு உடனே வந்து சேரவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். கட்டடம் மாறியது, பெயர்ப்பலகை மாறியது, பாடத்திட்டம் மாறியது. பிரட்டுக்களத்துக் குரல் மட்டும் சில வகுப்பறைகளில் இன்னும் மாறாமல் இருக்கிறது. எங்கள் வாயிலும் அது இருந்தது.

பிழைக்கும் ஒரு காரணம் உண்டு

இப்போது அந்தக் கணக்குக்குத் திரும்புவோம். 52இல் 27 போனால் 35 என்று அந்தப் பையன் மூன்று தரம் எழுதினானே, அவன் கவனமில்லாமல் எழுதவில்லை. கவனமில்லாதவன் ஒரு தரம் 35, ஒரு தரம் 24, ஒரு தரம் 31 என்று எழுதுவான். மூன்று தரமும் ஒரே விடை வந்தால் அவனிடம் ஒரு முறை இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றின் இடத்தில் 2உம் 7உம் இருக்கின்றன. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 5. பத்தின் இடத்தில் 5இலிருந்து 2 போனால் 3. ஆகவே 35. “பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும்” என்று சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுத்தது யார்? நாங்கள்தான். அவன் எங்கள் சொல்லைக் கேட்டுத்தான் பிழை விட்டிருக்கிறான்.

“இத எப்படிச் செஞ்ச, சொல்லு பார்ப்போம்” என்று அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது எங்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை.

இப்போது இப்படிச் செய்கிறோம். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தேயிலைக் குச்சிகளைப் பிள்ளைகளே பொறுக்கி வருவார்கள். பத்துப் பத்தாகக் கட்டுவோம். 52 என்றால் ஐந்து கட்டும் இரண்டு தனிக் குச்சியும். அதிலிருந்து 27 எடுக்க வேண்டும். ஏழு தனிக் குச்சி வேண்டும், இருப்பதோ இரண்டு. என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்போம். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு தனிக் குச்சி. ஏழை எடுத்தால் மிச்சம் ஐந்து. நாலு கட்டில் இரண்டை எடுத்தால் மிச்சம் இரண்டு. 25. பிழை விட்ட பிள்ளையின் கையாலேயே கட்டு அவிழ்ந்தால் அந்தப் பிழை மறுபடி வருவது குறைவு.

இந்தக் கணக்குக்கும் மடுவத்துக்கும் தூரம் இல்லை. காலையில் 9 கிலோ, மத்தியானம் 14, பின்னேரம் 8. கூட்டினால் 31. துண்டில் 27 என்று இருக்கிறது. கட்டை அவிழ்க்கத் தெரிந்த பிள்ளை நாலு கிலோ எங்கே போனது என்று கேட்கும். தெரியாத பிள்ளை துண்டை மடித்து அம்மாவின் கையில் கொடுத்துவிடும். தெரிந்தும், வாய் திறந்தால் சிரிப்பார்கள் என்று பயந்த பிள்ளையும் அதையேதான் செய்யும். கணக்குச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, பயமில்லாமல் பிழைவிட இடம் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

சிவப்புப் பேனையும் வீட்டுத் தமிழும்

தமிழ்ப் பாடத்தில் இன்னொரு விதமான காயம் நடக்கிறது. ‘என் அம்மா’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகளில் ஒன்று இப்படி எழுதும்: “அம்மா மலயில இருந்து வந்தா அவங்க கையில பச்ச கொளுந்து வாசம் அடிக்கும்.” ஆசிரியரின் சிவப்புப் பேனை உடனே ஓடும். மலயில, கையில, பச்ச, கொளுந்து, அடிக்கும். ஒரே வரியில் ஐந்து வட்டம். சில நேரம் கீழே ஒரு குறிப்பும் இருக்கும்: “தோட்டத் தமிழ் வேண்டாம்.”

அந்தப் பிள்ளை எழுதிய வரி நல்ல வரி. புத்தகத்தைப் பார்த்து எழுதாமல் தான் கண்டதையும் முகர்ந்ததையும் எழுதியிருக்கிறது. முதலில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். “கை வாசத்த எழுதியிருக்கியே, அது நல்லா இருக்கு” என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு பிழையை எடுக்க வேண்டும், ஒன்றே ஒன்று. கொழுந்துக்கு வரும் ழகரம். நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டி, கொழுந்து, மழை, வாழை என்று நாலு சொல் எழுத வைத்தால் அந்த நாளுக்கு அது போதும். மலையில் என்பதும் பச்சை என்பதும் அடுத்த கிழமை வரட்டும். ஐந்து வட்டத்தையும் ஒன்றாகப் பார்த்த பிள்ளை ஒன்றையும் கற்காது. அடுத்த கட்டுரையில் பாதுகாப்பாக “என் அம்மா நல்லவர். அவர் எனக்குச் சோறு தருவார்” என்று இரண்டு வரி எழுதி முடித்துவிடும்.

வீட்டில் பேசும் பேச்சு கெட்ட பேச்சு இல்லை. அது வீட்டுக்குரியது, எழுத்து மொழி பரீட்சைக்கும் கடிதத்துக்கும் உரியது. இரண்டும் வேண்டும். ஒன்றைக் கொடுப்பதற்காக மற்றதைப் பறிக்கக் கூடாது.

மூன்று விநாடி

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து ஒரு விடயத்தைச் சொன்னார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளையிடம் போகிறார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகிறது, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள்.

இதைச் செய்ய மண்டபமோ கணினியோ தேவையில்லை. ஆனால் சொல்வதுபோல் சுலபமும் இல்லை. வகுப்பு மௌனமாக நிற்கும் மூன்று விநாடி ஆசிரியருக்கு நீளமாக இருக்கும். நாங்கள் மேசைக்கடியில் விரலை மடித்து எண்ணிப் பழகினோம். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகளின் குரலை அப்படித்தான் கேட்டோம். முன்வாங்குப் பிள்ளைகள் நாலு பேரின் பதிலை வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதற்கும் விளங்கிவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தோம்.

பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். “கெட்டிக்காரன்” என்று சொன்னால் பிள்ளை அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகக் கஷ்டமான கணக்கைத் தொடாது. தொட்டால் பிழை வரலாம், பிழை வந்தால் பெயர் போய்விடும். “கட்டை அவிழ்க்க மறக்கல, அதனால விடை சரியா வந்துச்சு” என்று சொன்னால், தான் செய்த எந்த வேலை நல்ல வேலை என்று பிள்ளைக்குத் தெரியும். நாளைக்கும் அதைச் செய்யும். செய்யாத வேலைக்குப் பாராட்டும் கொடுக்கக் கூடாது. பொய்ப் புகழ்ச்சியைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்டிப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். பிழையைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகும் ஆசிரியர் அடிக்கும் ஆசிரியரைவிட நல்லவர் இல்லை. பிழை அன்றே திருத்தப்பட வேண்டும். இன்னொரு பிள்ளையை அடித்த பிள்ளையிடம் அதைக் கேட்டே ஆக வேண்டும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், என்ன நடந்தது என்று சொல்ல விட வேண்டும், செய்த கெடுதலைச் சரிசெய்ய வைக்க வேண்டும். உடைத்த பென்சிலுக்குப் பதில் பென்சில், சொன்ன கெட்ட வார்த்தைக்கு மன்னிப்பு.

வீட்டில் கொடுத்த கணக்கைச் செய்யாமல் வந்தாலும் முதலில் ஏன் என்று கேட்க வேண்டும். அந்தப் பையன் மூன்று நாள் ஏன் செய்யவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா ஆஸ்பத்திரியில். அம்மா மலையிலிருந்து வரும்வரை தங்கச்சியைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து கூட்டிவந்து சோறு வைத்தது அவன்தான்.

பிரம்பைப் பற்றி

பாடசாலையில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபமும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபமும் சொல்கின்றன. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கு அது. அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை கொடூரமான, இழிவுபடுத்தும் நடத்தைக்கு எதிராகத் தரும் உரிமை மீறப்பட்டுள்ளது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடு கொடுக்கக் கட்டளையிட்டது. “நீங்கதானே அடிக்கச் சொன்னீங்க” என்று எந்த ஆசிரியரும் பெற்றோரின் பின்னால் ஒளிய முடியாது. பெற்றோர் கொடுக்கும் அனுமதி சட்டத்தின்முன் அனுமதி ஆகாது.

“நாங்களும் அடி வாங்கித்தான் படிச்சோம்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், எங்கள் ஆசிரியர் அறையிலும் இருக்கிறார்கள். அடி வாங்கியும் படித்து வந்தவர்கள்தான் அப்படிச் சொல்ல இங்கே இருக்கிறார்கள். அடி தாங்காமல் ஓடியவர்கள் ஆசிரியர் அறையில் இல்லை. அவர்களிடமும் கேட்டால்தான் கணக்குச் சரியாக வரும்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் தொழிலாளியை அடிப்பது வழமை. அடிக்காவிட்டால் வேலை நடக்காது என்று நிர்வாகம் சொன்னது. நம் முன்னோர் சங்கம் கட்டி அதை நிறுத்தினார்கள். வேலை நின்றுவிடவில்லை. பெரியவர்களுக்கு வேண்டாம் என்று வென்றெடுத்ததைப் பிள்ளைகளுக்கு மட்டும் நாம் ஏன் கேட்டு வாங்க வேண்டும்?

ஆசிரியர் பக்கத்து நியாயம்

இதையெல்லாம் படித்துவிட்டு ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. பல தோட்டப் பாடசாலைகளில் இன்றும் ஒரே மண்டபத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கின்றன. நடுவில் தடுப்பு இல்லை. பக்கத்து வகுப்பின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி ஆசிரியரின் குரல் தானாகவே அதட்டலாக மாறிவிடும். அமைதியாகக் கேட்டுத் திருத்த வேண்டும் என்றால் அமைதி வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டப் பாடசாலைகளுக்கு எடுக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் மாதம் 6,000 ரூபாவில் வேலை தொடங்கினார்கள், பிறகுதான் அது 10,000 ஆனது. பயிற்சிக்கு முன்னரே வகுப்பறைக்குள் அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். தாங்கள் பிள்ளையாக இருந்தபோது தங்களுக்குச் செய்யப்பட்டதைத்தான் அவர்களும் செய்தார்கள், வேறு வழியை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. வாரக்கணக்கில் ஆசிரியரே இல்லாத வகுப்பும் இருக்கிறது. அடிக்காத ஆசிரியர் வேண்டும் என்று கேட்கும் நாம், ஆசிரியர் வேண்டும் என்பதையும் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

என்ன செய்யலாம்

பெற்றோருக்கு: பாடசாலைக்கு வரும்போது “தோல உரிங்க” என்று சொல்லாதீர்கள். “இவனுக்கு எது வரல, எது வருது, சொல்லுங்க டீச்சர்” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். வெறும் குறுக்குக்கோடு மட்டும் இருக்கிறதா, சரியான வழி பக்கத்தில் காட்டப்பட்டிருக்கிறதா என்பது பார்த்தாலே தெரியும். இரவில் “எத்தன மார்க்?” என்று கேட்பதோடு “இன்னைக்கு எதுல பிழை வந்துச்சு, டீச்சர் எப்படிக் காட்டிக்குடுத்தாங்க?” என்றும் கேளுங்கள். பிழையைப் பற்றி வீட்டில் பயமில்லாமல் பேசும் பிள்ளை வகுப்பிலும் பேசும்.

தோட்டக் கமிட்டிகளுக்கு: பெற்றோர் கூட்டத்தைக் கிழமை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் அம்மாவுக்கு அரைப்பேர் போகும். வராத பெற்றோரை அக்கறையில்லாதவர் என்று பாடசாலை எழுதிக்கொள்ளும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையிலோ வேலை முடிந்தபிறகோ வைக்கும்படி அதிபரிடம் கமிட்டித் தலைவர்மார் பேச வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நம் ஆட்கள் இருக்க வேண்டும், பந்தல் போடும் வேலைக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடும் வழக்கம் மாற வேண்டும். மண்டபத்துக்குத் தடுப்பு, ஆசிரியர் வெற்றிடம், ஆசிரியர்களுக்கான பயிற்சி ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் போக வேண்டும். பிள்ளை அடிபட்டு வந்தால் லயத்துக்குள் பேசி முடிக்காமல் அதிபருக்கும் பணிமனைக்கும் அறிவிக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

ஆசிரியத் தோழர்களுக்கு: ஒரு தவணைக்கு ஒரே ஒரு காரியத்தைச் செய்து பாருங்கள். பிழையான விடை வந்தவுடன் “பிழை” என்று சொல்வதற்கு முன் “எப்படிச் செஞ்ச?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மூன்று விநாடி நில்லுங்கள். அடுத்தது, அந்த வார்த்தை. கொழுந்து பறிப்பதையும், லயத்தையும், கூடையையும், தோட்டத்துப் பேச்சையும் இனி ஒருபோதும் தண்டனையாகச் சொல்லாதீர்கள். ஆசிரியர் அறையில் வேறு யாராவது சொன்னாலும் பேசாமல் இருக்காதீர்கள்.

கடந்த தீபாவளிக்கு அந்தப் பையன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். இப்போது பையன் என்று சொல்ல முடியாது, மீசை வளர்ந்துவிட்டது. கோயிலடியில் கண்டு பேசினோம். அன்று வகுப்பில் சொன்னது தவறு என்று அவனிடம் சொன்னோம். “அதெல்லாம் நான் மறந்துட்டேன் டீச்சர்” என்றான். சொல்லும்போது தரையைப் பார்த்தான், ஐந்தாம் வகுப்பில் பார்த்ததுபோலவே.

அவனுடைய அம்மா இன்னும் மலைக்குப் போகிறார். மாதர் சங்கக் கூட்டத்துக்கும் வருகிறார், பின்வரிசையில் உட்காருகிறார். அவரிடமும் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மடுவத்தில் அவர் இன்னும் வாய் திறப்பதில்லை. ஒரு நிமிடத்தில் சொன்னதை எடுக்க எத்தனை வருடம் போகும் என்று எங்களுக்குத் தெரியாது. இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் இருப்பது மட்டும் எங்கள் கையில் இருக்கிறது. பிழை விட்டாலும் தலை நிமிர்ந்து “நான் இப்படித்தான் செஞ்சேன் டீச்சர்” என்று சொல்லும் பிள்ளை, நாளைக்கு மடுவத்திலும் கந்தோரிலும் தலை நிமிர்ந்து கேட்கும். அந்தப் பிள்ளைதான் நாளைய சங்கம்.